கடன் வாங்காமல் கழிப்பது எப்படி?

கேள்வி: அம்மா, வணக்கம். ஆரணிக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். கணவர் பட்டு நெசவு செய்கிறார். எங்கள் மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். தமிழ் நன்றாக வாசிக்கிறாள். பத்தாம் வாய்ப்பாடு வரை தடங்கலின்றி ஒப்பிக்கிறாள். ஆனால் கழித்தல் கணக்கு என்றால் கண்ணீர்தான். பள்ளியில் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று கற்றல் நிலைகளில், கணக்குக்கு மட்டும் அவளை நடுவிலுள்ள ‘மொட்டு’ நிலையில் வைத்திருக்கிறார்கள் என்பது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. கைப்பேசியில் கணக்கு விளையாட்டுச் செயலி ஒன்றை ஏற்றிக் கொடுத்தோம். அதில் நாற்பது நிலைகளைத் தாண்டிவிட்டாள். நோட்டில் மட்டும் கணக்கு சரியாக வருவதில்லை. அவள் போட்ட கணக்கு ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். விளையாட்டாகவே கணக்குச் சொல்லித் தர வழி உண்டா? நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்கும் கணக்கு வராது. மாலையில் மாமியாரும் நானும்தான் அவளோடு இருப்போம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். கடிதத்தைவிட அதனுடன் நீங்கள் இணைத்திருந்த அந்தத் தாளைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 402 − 178 என்ற கணக்குக்கு உங்கள் மகள் 376 என்று விடை எழுதியிருக்கிறாள். பக்கத்தில் சிவப்பு மையில் பெருக்கல் குறி இருக்கிறது. இந்த விடை எப்படி வந்தது என்று கவனித்தீர்களா? இரண்டிலிருந்து எட்டைக் கழிக்க முடியாது என்பதால் எட்டிலிருந்து இரண்டைக் கழித்து ஆறு எழுதியிருக்கிறாள். பூச்சியத்திலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து பூச்சியத்தைக் கழித்து ஏழு. நான்கிலிருந்து ஒன்று போக மூன்று. மூன்று இடங்களிலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறாள். மூன்று கழித்தல்களும் பிழையில்லாதவை. எனவே இது கவனக்குறைவு அன்று. ‘பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும்’ என்று இரண்டு ஆண்டுகளாக நாம் சொல்லிக் கொடுத்ததை அவள் நம்பி, அதைத் தவறாமல் கடைப்பிடித்திருக்கிறாள். 402 என்பது ஒரே எண் என்பதை மட்டும் இன்னும் உணரவில்லை. நான்கு, பூச்சியம், இரண்டு என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் மூன்று தனித்தனி எண்களாக அதைப் பார்க்கிறாள். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் நான் பணியாற்றிய காலத்தில் மூன்றாம், நான்காம் வகுப்பு நோட்டுகளில் மிக அதிகமாகக் கண்ட தவறு இதுவே.

செயலி ஏன் உதவவில்லை என்பதும் இங்கேயே விளங்கிவிடும். அதுபோன்ற விளையாட்டுகள் பலவற்றில் சரியான விடையைத் தொட்டால் பொம்மை குதிக்கும், நட்சத்திரம் கொட்டும். தவறான விடையைத் தொட்டால் மறுபடி தொடலாம். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சாமர்த்தியம் அதில் வளரும்; ஓர் இலக்கம் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும் என்ற இடமதிப்பு அறிவு வளராது. ஒரு விளையாட்டு கணக்கைக் கற்றுத் தருமா என்று பார்ப்பதற்கு நான் ஆசிரியர்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஆட்டத்திலிருந்து கணக்கை எடுத்துவிட்டால் ஆட்டம் நடக்குமா? பாட்டும் வண்ணமும் பரிசும் மட்டும் மிஞ்சி ஆட்டம் அப்படியே நடக்குமானால், அங்கே கணக்கு வெறும் நுழைவுச் சீட்டாகத்தான் இருந்திருக்கிறது. உங்கள் மாமியார் ஆடும் தாயத்திலிருந்தோ பல்லாங்குழியிலிருந்தோ எண்ணை எடுத்துப் பாருங்கள், ஆட்டமே இருக்காது. அந்த ஆட்டங்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ‘கடன்’ என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

பாடநூலில் ‘இனமாற்றம்’ என்று இருந்தாலும், வீட்டிலும் டியூஷனிலும் நாம் சொல்வது ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்பதுதான். ஒரு வகுப்பில் பயிற்சி ஆசிரியை இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு சிறுவன் எழுந்து, “டீச்சர், வாங்கின கடனை எப்பத் திருப்பித் தரணும்?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி மிகச் சரியானது. கடன் என்றால் இரண்டு பேர் வேண்டும், திருப்பித் தர வேண்டும், பக்கத்து வீட்டில் இல்லாவிட்டால் கேட்கவே கூடாது. கணக்கில் நடப்பது இவற்றில் எதுவும் இல்லை. ஒரே பையில் இருக்கும் பணத்தைச் சில்லறையாக மாற்றுகிறோம், அவ்வளவுதான். சீனத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இதே செயலை ‘பெரிய அலகைப் பிரித்தல்’ என்ற பொருளில் விளக்குகிறார்கள் என்று, அமெரிக்க, சீன ஆசிரியர்களை ஒப்பிட்டு 1999இல் வெளியான தம் ஆய்வில் லிப்பிங் மா எழுதியிருக்கிறார். சொல் மாறினால் படமும் மாறுகிறது. உங்கள் வீட்டில் இன்று முதல் ‘கடன்’ வேண்டாம். ‘பிரிப்போம்’, ‘சில்லறை மாற்றுவோம்’ என்று சொல்லுங்கள்.

சொல்வதோடு நில்லாமல் கையால் செய்யவும் வேண்டும். தென்னந் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி விரலளவாக உடைத்து, பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டச் சொல்லுங்கள். கட்டுவது அவளாகவே இருக்க வேண்டும். நீங்கள் கட்டிக் கொடுத்தால் அது உங்கள் பத்து, அவளுடைய பத்து அன்று. ஐந்து கட்டும் இரண்டு தனிக் குச்சியும் வைத்துக்கொண்டு, “எனக்கு 27 குச்சி கொடு” என்று மாமியார் கேட்கட்டும். அவள் இரண்டு கட்டை எடுத்து நீட்டுவாள். பிறகு கையிலிருக்கும் இரண்டு குச்சியைப் பார்த்துத் தயங்குவாள். அந்தத் தயக்கத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழிந்து அவளே ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றுவாள். அந்த நொடியில்தான் இனமாற்றம் என்பது நடக்கிறது. நோட்டில் ஐந்தை அடித்து நான்கு என்று எழுதுவது பிறகு வரும் அதன் பதிவு மட்டுமே. முதலில் பொருளைக் கையாளுதல், அடுத்துப் படம், கடைசியாகக் குறியீடு என்ற வரிசையை ஜெரோம் புரூனர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் விளக்கி எழுதினார். நாம் பெரும்பாலும் மூன்றாவதில் தொடங்கி, அது வராதபோது குழந்தையைக் குறை சொல்கிறோம்.

மூன்றிலக்க எண்ணுக்கு 402 குச்சி கட்டிக்கொண்டிருக்க முடியாது. அதற்குப் பழைய நோட்டின் தாளைக் கிழித்து நூறு ரூபாய், பத்து ரூபாய் நோட்டுகளும், புளியங்கொட்டையில் ஒரு ரூபாயும் செய்துகொள்ளுங்கள். அவளிடம் நான்கு நூறும் இரண்டு கொட்டையும் இருக்கின்றன; பத்து ரூபாய் ஒன்றுகூட இல்லை. நீங்கள் 178 ரூபாய்க்குச் சாமான் விற்கிறீர்கள். கொட்டை போதாது, மாற்றுவதற்குப் பத்தும் இல்லை; எனவே ஒரு நூறைப் பத்துப் பத்துகளாக மாற்றி, அதில் ஒரு பத்தைப் பத்துக் கொட்டைகளாக மாற்ற வேண்டும். இப்போது கையில் மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று. தொகை 402தான், ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை என்பதை எண்ணிப் பார்த்து அவளே சொல்லட்டும். அதன் பிறகு 178ஐ எடுத்துக் கொடுத்தால் மீதி 224. தாளில் பூச்சியம் எப்படி ஒன்பதாக மாறுகிறது என்பது பெரியவர்களுக்கே புதிராக இருக்கும் ஓர் இடம். நோட்டு மாற்றிப் பழகிய குழந்தைக்கு அதில் புதிர் இல்லை.

இதனோடு நம் மொழி தரும் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். தமிழில் எண் பெயர்கள் பெரும்பாலும் தெளிவானவை; பதின்மூன்று என்றால் பத்தும் மூன்றும் என்று காதிலேயே கேட்கிறது. ஆனால் எண்பதுக்குப் பிறகு வருவது ‘தொண்ணூறு’; நூற்றுக்குக் குறைந்த எண்ணின் பெயருக்குள் நூறு ஒலிக்கிறது. எண்ணூறுக்குப் பிறகு வருவது ‘தொள்ளாயிரம்’. அதற்குள் ஆயிரம் ஒலிக்கிறது. தொண்ணூற்று ஐந்தை 905 என்று எழுதிய குழந்தைகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நானூற்று இரண்டை 4002 என்று எழுதுவோர் அவர்களைவிட அதிகம். அவர்கள் காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறார்கள். இதற்கு ஒரு சிறு கருவி போதும். நீளமான அட்டையில் 400 என்றும், அதைவிடக் குட்டையான அட்டையில் 30 என்றும், இன்னும் குட்டையானதில் 2 என்றும் எழுதி, வலது ஓரம் பொருந்துமாறு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 432 தெரியும். 30ஐ உருவிவிட்டால் 402. பூச்சியத்துக்குள் என்ன ஒளிந்திருந்தது என்று அட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதிலேயே குழந்தைகள் ஒரு மாலையைப் போக்கிவிடுவார்கள். திருமணப் பத்திரிகை அட்டை இதற்கு நன்றாக உழைக்கும்.

இனி உங்கள் மாமியாரின் துறைக்கு வருவோம். பல்லாங்குழிப் பலகை வீட்டில் இருக்கிறதா? பதினான்கு குழி, குழிக்கு ஐந்து முத்து என்று ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 70. ஒரு சுற்று முடிந்ததும் இருவரும் தத்தம் முத்துகளை எண்ணுவார்கள். இங்கே ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்: மகள் மட்டும் எண்ணட்டும், பாட்டியிடம் எத்தனை இருக்கும் என்பதை எண்ணாமல் சொல்லட்டும். அவளிடம் 23 இருந்தால் பாட்டியிடம் 47 இருக்க வேண்டும். பிறகு பாட்டி எண்ணிச் சரிபார்ப்பார். 70 − 23 என்று நோட்டில் எழுதிக் கொடுத்தால் அழும் அதே குழந்தை, பாட்டி ஒரு முத்தை மறைத்துவிட்டாரோ என்று கண்டுபிடிப்பதற்காக இந்தக் கணக்கைத் தானே போடுவாள். அடுத்த சுற்றுக்குத் தன் குழிகளை ஐந்து ஐந்தாக நிரப்பும்போது 23இல் நான்கு குழி நிறைந்து மூன்று மிஞ்சும். மீதியுடன் கூடிய வகுத்தல் இதுதான் என்று நீங்கள் சொல்லவே தேவையில்லை. நான்காம் வகுப்பில் அது வரும்போது ஆசிரியர் சொல்லிக்கொள்வார். நான்கு முத்து சேர்ந்தால் ‘பசு’ என்று எடுக்கும் வழக்கம் உங்கள் பக்கம் இருந்தால், எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே மனத்துக்குள் எண்ணும் பழக்கமும் தானாக வரும்.

தாயம் இதைவிட ஒரு படி மேல் என்பது என் எண்ணம். இதில் பல்லாங்குழிக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். இரண்டு பித்தளைக் கட்டைகளை உருட்டி ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்ற வழக்கப்படி ஆடினால், ஒரே முறையில் 12, 6, 5, 3 என்று சேர்ந்துவிடும். அந்த 26ஐ எந்தக் காய்க்கு எவ்வளவு கொடுப்பது என்று பிரிக்க வேண்டியவள் அவள். எதிரியின் காய் முன்னே நிற்கும்போது “எத்தனை விழுந்தால் வெட்டலாம்?” என்று கேளுங்கள். இங்கே கழித்தல் என்பது எடுத்துவிடுவது அன்று, இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரம். இந்தப் பொருளை நம் வகுப்பறைகள் பெரும்பாலும் தொடுவதே இல்லை. மளிகைக் கடைக்காரருக்கு அது நன்றாகத் தெரியும்: 63 ரூபாய்க்குச் சாமான் வாங்கி நூறு கொடுத்தால் அவர் கழிப்பதில்லை, 65, 70, 100 என்று மேலே எண்ணிக்கொண்டே இரண்டும் ஐந்தும் முப்பதும் எடுத்து நம் கையில் வைத்துவிடுவார். உங்கள் மகளின் கணக்கையே இப்படிப் போடலாம். 178இலிருந்து 180க்கு 2, அங்கிருந்து 200க்கு 20, அங்கிருந்து 400க்கு 200, அங்கிருந்து 402க்கு 2, கூட்டினால் 224. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. ஒரு கோடு போட்டு, அதன்மேல் தவளை தாவுவதுபோல் வளைவுகள் போட்டு அவள் இதை எழுதட்டும். பள்ளியில் எதிர்பார்க்கும் முறை வேறாக இருக்கலாம்; அதையும் அவள் கற்க வேண்டியதுதான். ஆனால் இரண்டு வழியில் ஒரே விடை வருவதைக் கண்ட குழந்தை, 376 போன்ற விடையைத் தானே சந்தேகப்படத் தொடங்குவாள்.

காலையில் வாசலில் கோலம் போடும் வழக்கம் இருந்தால் அதையும் விடாதீர்கள். நேர்ப்புள்ளி ஏழு வைத்து, இரு பக்கமும் ஐந்து, மூன்று, ஒன்று என்று குறைத்துக்கொண்டே போகும் கோலத்தில் மொத்தம் எத்தனை புள்ளி? ஒவ்வொன்றாக எண்ணினால் 25. அதையே நடு வரிசையோடு மேல்பாதி, கீழ்ப்பாதி என்று பிரித்து, புளியங்கொட்டையை வைத்து அடுக்கச் சொல்லுங்கள். 1, 3, 5, 7 சேர்ந்த 16 கொட்டையும் நான்குக்கு நான்கு சதுரமாக உட்காரும்; மிஞ்சிய 5, 3, 1 சேர்ந்த ஒன்பதும் மூன்றுக்கு மூன்று சதுரமாக உட்காரும். அப்படியானால் ஒன்பது புள்ளிக் கோலத்துக்கு எத்தனை? அவள் 41 என்று சொல்லிவிட்டுப் பிறகு வாசலில் வைத்து எண்ணிப் பார்ப்பதற்கும், 5 × 5 = 25 என்று ஒப்பிப்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. சூத்திரம் எதுவும் சொல்லாதீர்கள். எட்டு வயதுக்கு இந்த வியப்புப் போதும்.

வாய்ப்பாட்டை ஒப்பிக்கிறாள் என்பது நல்ல செய்திதான். இப்போது சிலர் சொல்வதுபோல் அதை விட்டுவிட வேண்டியதில்லை. நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனனம் செய்தவர்கள் மாகாணி, அரைக்கால் என்ற சிறு பின்னங்களைக்கூட விரைந்து பெருக்கினார்கள். அந்த மனப்பாடத்துக்குப் பின்னால் நெல்லும் நிலமும் அளக்கும் வேலை இருந்தது. உங்கள் மகளின் வாய்ப்பாட்டுக்குப் பின்னாலும் ஒரு பொருளை வையுங்கள். முட்டைக் கடையில் கிடைக்கும் அட்டைத் தட்டில் ஐந்துக்கு ஆறு, 30 குழிகள் இருக்கும். அதைத் திருப்பி வைத்தால் ஆறுக்கு ஐந்து. முட்டை கூடவில்லை, குறையவில்லை. ஏழாம் வாய்ப்பாட்டில் 7 × 8 மறந்துபோனால் ஒன்றிலிருந்து ஒப்பித்துக்கொண்டு வராமல், ஏழுநாலு 28, அதன் இரட்டிப்பு 56 என்று பிடிக்கக் கற்றுக் கொடுங்கள். அளவைகளுக்குச் சமையலறை போதும்: பழைய ஆழாக்கும் படியும் இருந்தால், எட்டு ஆழாக்கு அரிசி ஒரு படியை நிரப்புவதை அவளே அளந்து பார்க்கட்டும். உங்கள் வீட்டில் தறி இருக்கிறது. அப்பா புட்டாவுக்கு, அதாவது சேலையில் நெய்யும் சிறு பூ வடிவத்துக்கு, இழை எண்ணுவதை ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

‘மொட்டு’ நிலையைப் பற்றி நீங்கள் வருந்த வேண்டியதில்லை. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது, குழந்தை இப்போது எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குவதற்காக. அது தரவரிசை அன்று. இடமதிப்பு உறுதியாகாத குழந்தையை மூன்றிலக்கக் கழித்தலுக்கு இழுத்துக்கொண்டு போவதைவிட, ஓரிரு மாதம் இரண்டிலக்கத்தில் நிறுத்துவது நல்லது என்றே நானும் சொல்வேன். வகுப்பு ஆசிரியரைப் பார்த்து, வீட்டில் குச்சியும் தாள் நோட்டும் வைத்துச் செய்கிறோம் என்று சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே சொல் புழங்கினால் அவளுக்குக் குழப்பம் குறையும்.

நேரம் பற்றி: நாள்தோறும் வேண்டாம். வாரத்தில் நான்கு மாலை, இருபது நிமிடம். ஆட்டம் சூடு பிடித்திருக்கும்போதே நிறுத்துங்கள். அப்போதுதான் மறுநாள் அவளே பலகையை எடுத்துக்கொண்டு வருவாள். கடிகாரம் வைத்து வேகம் பார்க்காதீர்கள். ஆட்டத்தின் நடுவே “பார், இதுதான் கழித்தல்!” என்று பாடம் நடத்தாதீர்கள், பாட்டி அப்படிச் சொன்னால் அடுத்த முறை பேத்தி ஆட வரமாட்டாள். உங்களுக்கும் கணக்கு வராது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அவள் முன்னால் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். “எனக்கும் தெரியவில்லை, எண்ணிப் பார்ப்போமா?” என்று சொல்வது வேறு; அதைத் தாராளமாகச் சொல்லலாம்.

மூன்று, நான்கு மாதம் இப்படிச் செய்தும் இருபதுக்குள் எது பெரியது என்பதிலேயே தடுமாறினாலோ, கரும்பலகையில் உள்ள எண்ணைப் பார்த்து எழுதும்போது இலக்கங்கள் இடம் மாறினாலோ, முதலில் கண் பரிசோதனை செய்யுங்கள். பார்வையில் குறை இல்லையென்றால் கணிதத்தில் கற்றல் குறைபாடு உண்டா என்று ஆசிரியர் வழியாகச் சிறப்பாசிரியரிடம் கேட்கலாம். நீங்கள் அனுப்பிய தாளில் எனக்கு அப்படிப்பட்ட அறிகுறி எதுவும் தெரியவில்லை.

ஆறு வாரம் கழித்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், 500 − 263 என்ற கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். குச்சியும் தாள் நோட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், எடுக்கச் சொல்ல வேண்டாம். அவள் எதை எடுத்தாள், எதை எடுக்கவில்லை, எந்த இடத்தில் நின்று யோசித்தாள் என்று மட்டும் குறித்துக்கொண்டு, விடையைத் திருத்தாமல் அந்தத் தாளை அப்படியே எனக்கு அனுப்பி வையுங்கள். விடை தவறாக இருந்தாலும் அனுப்புங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்ல எனக்கு அது இன்னும் கூடுதலாக உதவும்.